பாதியில் நிற்கும் கோப்ரா கிட் கார்: வாங்கலாமா, விடலாமா?

#1 மழைச்சாலை

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் நாலு வார்த்தை சொன்னால் நல்லது.

ஏ.சி. கோப்ரா என்ற 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் வடிவத்தில் செய்யும் கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பாதி வேலை முடிந்த வண்டி. சேஸி (அடிச்சட்டம்) தயார், முன்பின் சஸ்பென்ஷன் பூட்டியாயிற்று, எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினும் இறக்கியாயிற்று. ஃபைபர்கிளாஸ் பாடியை மேலே சும்மா வைத்திருக்கிறார்கள், இன்னும் ஒரு போல்ட்கூட ஏறவில்லை. மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. வைத்திருப்பவர் ஆறு வருடமாக விடுமுறை நாட்களில் உட்கார்ந்து செய்தவர். இடுப்பில் வலி வந்தபிறகு காருக்கு அடியில் படுக்க முடியவில்லை, அதனால் விற்கிறார்.

எனக்கு அந்த வடிவத்தின் மேல் சிறு வயதிலிருந்தே மோகம். பள்ளிக்கூட நாட்களில் ஒரு பழைய பத்திரிகையின் நடுப்பக்கத்தில் நீலக் கோப்ரா ஒன்றைப் பார்த்தேன். நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், பின் சக்கரத்துக்கு மேல் புடைத்து நிற்கும் அந்தத் தோள். அசலை வாங்கும் பேச்சே இல்லை. 1960களில் எல்லா வகையும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம்தான் செய்தார்கள். முதன்முதலில் செய்த வண்டி 2016இல் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது.

நண்பன் ஒருவன், "எவ்வளவு செலவழித்தாலும் அது நகல்தானே? பார்க்கிறவன் ஒவ்வொருவனும் அசலா என்று கேட்பான், நீ ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாய்" என்றான். அந்தப் பேச்சு மனதில் தைத்துவிட்டது. நிஜமாகவே இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கு எப்படி இருக்கிறது? பாதியில் நிற்கும் வண்டியை வாங்குவது புத்திசாலித்தனமா?

#2 பட்டறைவாசி

நண்பரே, நான் லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் வகையில் கிட் ஒன்றை முழுதாகக் கட்டி முடித்து ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், கிட் கார் வேறு, ரெப்ளிகா வேறு. கிட் என்பது வண்டி உங்களிடம் வந்து சேரும் விதம். ரெப்ளிகா என்பது அதன் தோற்றம், வேறொரு காரைப் போலச் செய்த நகல். லோட்டஸ் செவன் 1957இல் வந்தபோதே கிட்டாகக் கிடைத்தது. பிரிட்டனில் அப்போது முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் கிடையாது. அதனால் ஆட்கள் பெட்டிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டார்கள். 1973இல் அதற்குப் பதிலாக வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்ததும் அந்த லாபம் போய்விட்டது. அதே வருடம் லோட்டஸிடமிருந்து செவனின் உரிமையை கேட்டர்ஹாம் வாங்கியது, இன்றுவரை செய்கிறது. அந்தக் காரை யாரும் நகல் என்று சொல்வதில்லை. ஆக, வீட்டில் பூட்டியது என்பதற்காக ஒரு கார் தாழ்ந்துவிடாது.

இரண்டாவது, கிட் கார் வாங்கும்போது எல்லோரும் பாடியைப் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சேஸியை. அசல் கோப்ராவிலேயே அந்த வித்தியாசம் இருந்தது. ஆரம்பக் காலக் கோப்ராக்களில் 3 அங்குலக் குழாய்ச் சட்டமும் குறுக்காகப் போட்ட இலை வில்லும்தான். 7 லிட்டர் 427 எஞ்சினைப் போட்டபோது அது தாங்காது என்பதால் 4 அங்குலக் குழாய், காயில் ஸ்பிரிங் என்று சேஸியையே மாற்றினார்கள். எஞ்சினின் பலத்துக்கேற்ற சட்டம் வேண்டும் என்பது அவர்களே பட்டுத் தெரிந்துகொண்டது. மலிவான கிட்களில் அடிபடுவது இந்த இடத்தில்தான். மேலே பாடி பளபளக்கும், அடியில் வெல்டிங் பாதி ஊடுருவி நிற்கும். ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். சஸ்பென்ஷன் கைகள் வந்து சேரும் தட்டுகளின் வெல்டிங்கை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மூன்றாவது, பம்ப் ஸ்டீர். கிட் காரில் ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது சக்கரங்களைத் திருப்பும் குறுக்குத் தண்டை, நாமே பொருத்துகிறோம். ரேக்கின் உள்முனையும் சஸ்பென்ஷன் கைகளின் உள்முனைகளும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினாலும், சக்கரம் மேட்டில் ஏறும்போது தானாகவே திசை திரும்பும். மேடுபள்ளமான சாலையில் வேகமாகப் போனால் கார் நம்மைக் கேட்காமல் இடமும் வலமும் மோப்பம் பிடிக்கும். என் வண்டியின் முதல் நூறு கிலோமீட்டரும் அப்படித்தான் போனது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பிரேக் டிஸ்க்கில் நேரான சட்டம் ஒன்றைக் கட்டி, ஜாக்கியால் சக்கரத்தை 10 மில்லிமீட்டர் 10 மில்லிமீட்டராக உயர்த்தி அளந்தேன். ரேக்குக்கு அடியில் 4 மில்லிமீட்டர் தகடு வைத்தவுடன் சரியாகிவிட்டது. இது தெரியாமல், "கிட் கார்னா அப்படித்தான் ஓடும்" என்று நம்பிக்கொண்டு விற்றவர்கள் நிறைய.

பாதி வண்டியைப் பற்றி: ஆட்கள் எங்கே நிறுத்துகிறார்கள் தெரியுமா? எஞ்சின் இறக்கும் வரை உற்சாகம் குறையாது. அதுவரை ஒவ்வொரு வாரமும் கண்ணுக்குத் தெரிய வண்டி வளரும். அப்புறம் வயரிங், பாடி பொருத்துதல், கதவு இடைவெளி. மூன்று மாதம் வேலை செய்தாலும் வண்டி பார்க்க அப்படியே இருக்கும். நீங்கள் சொல்லும் வண்டி சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. நல்ல பாதி முடிந்துவிட்டது, கஷ்டமான பாதி உங்களுக்கு என்று எண்ணிக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

#3 பழைய_இரும்பு

நான் எதிர்த்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருடமாகப் பழைய கார்களைப் புதுப்பிக்கிறேன். ஒரு காரின் உருவம் சும்மா வந்ததில்லை. யாரோ ஒருவர் களிமண்ணிலும் தகட்டிலும் இரவு பகலாகத் தேய்த்து உண்டாக்கியது. அதை அப்படியே அச்சு எடுத்து ஃபைபரில் வார்ப்பது எனக்கு உறுத்துகிறது.

மேயர்ஸ் மேங்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1964இல் புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிப்பாகத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் உடல் வைத்து மணல்மேட்டு வண்டி ஒன்று செய்தார். அழகான, சிரித்த முகம் போன்ற வண்டி. நகலெடுத்தவர்களைத் தடுக்கத் தன் காப்புரிமையோடு நீதிமன்றம் போனார், தோற்றார். அதற்குமுன்பே ஊரெல்லாம் அச்செடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் செய்தது சில ஆயிரம், மற்றவர்கள் செய்த நகல்கள் லட்சக்கணக்கில். 1971இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. கண்டுபிடித்தவன் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

"வாங்குபவருக்கு நகல் என்று தெரியுமே, யாரை ஏமாற்றுகிறோம்?" என்று கேட்பார்கள். அமெரிக்காவில் டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா வடிவத்தில் கிட் விற்றவர்மேல் ஃபெராரி தொடுத்த வழக்கிலும் இதே வாதம்தான் வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரி பக்கம் தீர்ப்பளித்தது. வாங்குபவருக்குத் தெரிந்தாலும் தெருவில் பார்ப்பவருக்குத் தெரியாது, அந்தக் குழப்பமும் ஒரு பாதிப்புதான் என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மழைச்சாலை, உங்கள் நண்பர் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். அதே பணத்தில் தன் சொந்தப் பெயரோடு நிற்கும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கும். அதன் கதை அதனுடையதாக இருக்கும்.

#4 மழைச்சாலை

ஐயா, கோபம் எதற்கு? இதைத்தான் கேட்க வந்தேன். மேயர்ஸ் கதை எனக்கு இதுவரை தெரியாது. அதைப் படித்ததும் கொஞ்சம் கனத்துப் போனது.

பட்டறைவாசி அண்ணா, பம்ப் ஸ்டீர் அளக்கும் முறையை எழுதி வைத்துக்கொண்டேன். விற்பவர் அனுமதித்தால் அங்கேயே அளந்து பார்க்கிறேன்.

#5 வளைவுநேசன்

மோசமான ரெப்ளிகா ஒன்று வைத்திருந்தவன் என்ற முறையில் என் அனுபவம். கிட் செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

லம்போர்கினி கவுண்டாச் வடிவம். அடியில் பாண்டியாக் ஃபியரோ. ஏன் ஃபியரோ? 1984 முதல் 1988 வரை வந்த அந்தக் காரில் எஞ்சின் ஆளுக்குப் பின்னால் இருக்கும், மலிவாகக் கிடைக்கும். பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுக் கூடு, வெளியே தெரிவதெல்லாம் திருகிப் பொருத்திய பிளாஸ்டிக் தகடுகள். தகடுகளைக் கழற்றிவிட்டு வேறு உடலை மாட்டலாம். கேட்கும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

ஆனால் கவுண்டாச்சின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை உள்ள தூரம், 2450 மில்லிமீட்டர். ஃபியரோவுடையது 2373. நடுவே இருக்கும் அந்த 77 மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. ஒழுங்காகச் செய்பவர்கள் சட்டத்தை வெட்டி நீட்டுவார்கள். என்னுடையதில் நீட்டவில்லை. பின் சக்கரம் வளைவின் நடுவில் உட்காராமல் முன்பக்கம் ஒதுங்கி நின்றது. முன்கண்ணாடியும் கூரையும் ஃபியரோவுடையதே. கவுண்டாச்சில் மூக்கிலிருந்து கண்ணாடி உச்சி வரை ஏறக்குறைய ஒரே கோடாக ஓடும். என் வண்டியில் அந்தக் கோடு பானட் முடியும் இடத்தில் முறிந்து செங்குத்தாக எழும். புகைப்படத்தில் பார்த்து வாங்கியபோது அது கண்ணில் படவில்லை. வீட்டு வாசலில் நின்றபிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஓட்டும்போது இன்னும் வருத்தம். அந்த அகன்ற உடலுக்கேற்ப பின்னால் தடித்த டயர் வேண்டும் என்று சக்கரங்களுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளியிருந்தார்கள். பேரிங்குக்கு அது தாங்காத பாரம். ஒரே வருடத்தில் இரண்டு முறை பின் பேரிங் போனது. பன்னிரண்டு சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு சிலிண்டர் முனகும்போது, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கூட்டம் கூடுவதே எனக்குச் சங்கடமாகிவிட்டது. பார்க்க வந்த ஒரு பையன் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் கோப்ராவையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கோப்ரா முன்னால் ஒரு பெரிய வி8, பின் சக்கர ஓட்டம், குழாய்ச் சட்டம், திறந்த உடல், அவ்வளவுதான். அதைத் திரும்பச் செய்வதில் மாயம் எதுவும் இல்லை. எஞ்சினும் அதே இனத்து எஞ்சினாகவே கிடைக்கிறது. உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட கார்களில் அதுவும் ஒன்றானது இதனால்தான் என்று நினைக்கிறேன். கோப்ரா ரெப்ளிகா கோப்ராவைப் போலவே உறுமும், கோப்ராவைப் போலவே பின்னால் வழுக்கும். அளவெடுத்துப் பாருங்கள்: 427 வகையின் வீல்பேஸ் 90 அங்குலம், அதாவது 2286 மில்லிமீட்டர். நீங்கள் பார்க்கும் கிட் அதற்கு நெருக்கமாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

#6 நிலா_கராஜ்

நான் அப்பாவோடு சேர்ந்து கோப்ரா கிட் ஒன்று கட்டியவள். மூன்று வருடமும் நாலு மாதமும் ஆனது. எல்லோரும் சேஸி, எஞ்சின் என்று பேசுகிறீர்கள். எங்களைப் படுத்திய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, எர்த். சாதாரணக் காரில் உடல் முழுக்க இரும்பு. விளக்குக்கு ஒரு வயர் போனால் போதும், திரும்பி வரும் பாதை உடலே. ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு கருவிக்கும் சேஸிக்குத் திரும்பத் தனி வயர் இழுக்க வேண்டும். எங்களுக்கு இது தெரியும், எல்லாவற்றுக்கும் இழுத்தோம். ஆனால் சேஸியில் எர்த் போல்ட் பூட்டிய இடத்தில் மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங் பூச்சைச் சுரண்டாமல் விட்டுவிட்டோம். இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாக மினுக்கும், ஹெட்லைட் போட்டால் எரிபொருள் முள் கீழே இறங்கும். நான்கு வார இறுதிகளைத் தின்றது. கடைசியில் அப்பா ஒரு உப்புத்தாளால் காசு அளவுக்கு வட்டமாகத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்ததும் போல்ட்டை முறுக்கினார். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஒழுங்காக எரிந்தன. அந்த இரவு நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தது நடுநிசிக்குப் பிறகு.

இரண்டு, கதவு. கிட்டில் வரும் கதவு சும்மா போய் உட்காராது. மேலே சரியாக இருந்தால் கீழே உள்ளே போகும், பின்விளிம்பு சேர்ந்தால் முன்விளிம்பு இடிக்கும். கீலைத் தளர்த்தி, மரக்குச்சி செருகி, மூடி, பார்த்து, மறுபடி தளர்த்தி. பாடியை சேஸியில் இறுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். நாங்கள் பாடியை இறுக்கிவிட்டுச் செய்தோம், பிறகு முழுவதையும் தளர்த்தினோம். மழைச்சாலை, உங்கள் வண்டியில் பாடி இன்னும் இறுக்கவில்லை என்பது குறையில்லை, பெரிய வசதி. இன்னொன்று: புது ஃபைபர் பாடி வந்தவுடன் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் அடியிலிருக்கும் நார்நெசவு மேலே தெரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் ரெசின் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். ஆறு வருடமாக நிற்கும் பாடி நன்றாக இறுகியிருக்கும். ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப்பூச்சு) நட்சத்திரம் மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், முக்கியமாகக் கீல் வரும் இடத்திலும் மூக்கிலும்.

ஓட்டுவதைப் பற்றி: கால் வைக்கும் இடம் அடுப்பு. எக்ஸாஸ்ட் குழாய்கள் பெடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே போகின்றன. வெப்பத் தடுப்புப் போடாமல் கோடையில் ஓட்டவே முடியாது. பக்கவாட்டு சைலன்சரில் கெண்டைக்கால் பட்டால் தோல் உரிந்துவிடும், கோப்ராக்காரர்கள் அதைப் பாம்புக்கடி என்பார்கள். எனக்கு இடது காலில் இருக்கிறது. ஏர்பேக் கிடையாது, எங்கள் வண்டியில் ஏபிஎஸ்ஸும் கிடையாது. ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரைத் தொடவே யோசிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தேதான் ஓட்டுகிறேன்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டால் ஒவ்வொரு வயரிலும் அவர் கையெழுத்தில் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும்: "எரிபொருள் முள்", "ஹாரன்", "நிலா பார்க்கச் சொன்ன ஃப்யூஸ்". பழைய_இரும்பு ஐயா, அந்தக் காரை நகல் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எனக்கு அது வேறு எதனுடைய நகலும் இல்லை.

#7 பழைய_இரும்பு

அம்மா, அதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதவில்லை. அந்தச் சீட்டுகளை யாரையும் மாற்ற விடாதீர்கள். வயரிங்கை என்றாவது புதுப்பிக்க நேர்ந்தாலும் பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

#8 மூன்றாம்_கியர்

பழைய_இரும்பு ஐயாவின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அசலுக்கும் நகலுக்கும் நடுவில் இருக்கும் கோடு, கம்பெனிகளே அதைத் தாண்டியபிறகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜாகுவார் 1963–64இல் லைட்வெயிட் இ-டைப் என்ற எடை குறைந்த பந்தய வகையில் 18 செய்வதாகத் திட்டமிட்டு 12தான் செய்தது. மீதி 6 வண்டிகளை ஐம்பது வருடம் கழித்து, 2014இல் செய்ய ஆரம்பித்து விற்றது. 1957 பிப்ரவரியில் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்து அழிந்த எக்ஸ்கேஎஸ்எஸ் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வகையின் 9 வண்டிகளுக்கு ஈடாக 9 புது வண்டிகளை 2016இல் அறிவித்தது. ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். புது அலுமினியம், புது எஞ்சின், புது இருக்கை. 1957இல் இருந்த ஒரு திருகுகூட அதில் இல்லை. அது அசல், நிலாவின் வண்டி நகல் என்றால், இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெயரின் உரிமை மட்டும்தானே?

உரிமை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. மேயர்ஸுக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டு கருத்து இல்லை. என் எல்லை இது: வடிவத்தைக் கட்டிக்கொள்ளலாம், பெயரை ஒட்டிக்கொள்ளக் கூடாது. பாம்பு முத்திரை, ஃபெராரியின் குதிரை, இவற்றை ஒட்டும் நிமிடத்தில் அந்தக் கார் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. 2019இல் பிரேசிலின் இத்தஜாயீ நகரில் போலி ஃபெராரியும் லம்போர்கினியும் செய்த பட்டறையைப் போலீஸ் மூடியது. அது வேறு உலகம், அதையும் வீட்டில் உட்கார்ந்து தன் கையால் கட்டுபவரையும் ஒன்றாக வைக்க மனம் வரவில்லை. முறையான வழியும் இருக்கிறது. சூப்பர்ஃபார்மன்ஸ் போன்றவர்கள், கோப்ராவை உருவாக்கிய ஷெல்பியின் நிறுவனத்திடம் உரிமம் பெற்றே கோப்ரா செய்கிறார்கள்.

கிட் கார் என்றாலே இளப்பமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1990களின் ஆரம்பத்தில் மெக்லாரன் எஃப்1 காரை உருவாக்கியபோது, அதன் கியர்பாக்ஸையும் எஞ்சினையும் சோதிக்க இரண்டு வண்டிகள் தேவைப்பட்டன. அவர்கள் எடுத்துக்கொண்டது அல்டிமா என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கிட் கார்களை. ஆல்பர்ட், எட்வர்ட் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள்.

#9 பழைய_இரும்பு

தம்பி, ஜாகுவார் செய்ததையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கம்பெனியே செய்தாலும் போன காலத்தைத் திரும்பச் செய்ய முடியாது என்பதுதான் என் கட்சி. ஆனால் முத்திரை பற்றிச் சொன்னீர்களே, அதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன்.

#10 காகிதப்புலி

ஒருவரும் பதிவு பற்றிப் பேசவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் எங்கே ஓட்டப் போகிறீர்களோ அந்த இடத்துச் சட்டத்தை முதலில் படியுங்கள், வண்டியை அப்புறம் பாருங்கள்.

பிரிட்டனில் வீட்டில் கட்டிய காருக்கு ஐவிஏ என்ற சோதனை உண்டு. வெளியே கை படக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மழுங்கி இருக்க வேண்டும். ஒரு போல்ட் நுனி நீட்டிக்கொண்டிருந்தாலும் தோல்விதான். வண்டியின் வயது, மூலம் நிரூபிக்க முடியாவிட்டால் க்யூ எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட் கொடுத்துவிடுவார்கள், விற்கும்போது அது விலையைக் குறைக்கும். அமெரிக்காவில் 2015இல் வந்த சட்டப்படி சிறு நிறுவனங்கள் 25 வருடம் தாண்டிய கார்களின் வடிவத்தில் ஆண்டுக்கு 325 வரை முழு வண்டியாகவே செய்து விற்கலாம். அதற்கான விதிமுறை 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. எஞ்சின் மட்டும் இன்றைய புகை விதிக்குப் பொருந்த வேண்டும்.

பாதி வண்டி வாங்குபவருக்கு உயிர்நாடி காகிதம்தான். சேஸி யாரிடமிருந்து வந்தது, எஞ்சின் எங்கிருந்து வந்தது, ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். ரசீது இல்லாத எஞ்சின் என்றால் எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்ஷூரன்ஸிலும் சந்தை மதிப்பு என்று எழுதிக்கொள்ளாமல், இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். கட்டும்போது நாளுக்கு நாள் படம் எடுத்து வைத்தால் அந்த மதிப்பை நிரூபிக்க உதவும்.

#11 மழைச்சாலை

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாலரை மணி நேரம் இருந்தேன். விரிவாகவே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லோரும் இவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறீர்கள்.

முதலில் டார்ச். வெல்டிங் ஒரே சீராக இருந்தது, காசுகளை அடுக்கிச் சாய்த்தது மாதிரி. சஸ்பென்ஷன் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்து தட்டு வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. எதற்கு என்று கேட்டேன். சரியான முறுக்கத்துக்கு இறுக்கியதும் கோடு போடுவாராம், போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். கோடு இல்லாத போல்ட் இரண்டே இரண்டு இருந்தன. "அது இரண்டும் இன்னும் இறுக்கவில்லை" என்று நான் கேட்கும் முன்பே அவராகச் சொன்னார்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். ஆறு வருடமும் தேதி போட்டு எழுதியிருக்கிறார். என்ன செய்தார், என்ன தப்பு வந்தது, எப்படித் திருத்தினார். நாற்பதாம் பக்கத்தில், "கிளட்ச் கேபிள் எக்ஸாஸ்ட்டுக்கு மிக அருகில். மாற்ற வேண்டும்." நாலு பக்கம் தள்ளி, "மாற்றியாயிற்று." ரசீதெல்லாம் வேறொரு கோப்பில், சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் உண்டு.

வீல்பேஸ் அளந்தேன். 2287 வந்தது, என் டேப் பிடித்த கை நடுங்கியிருக்கலாம்.

பம்ப் ஸ்டீர் அளக்க அனுமதி கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்களை அவரே எழுதிக்கொண்டார். வலது பக்கம் நன்றாக இருந்தது. இடது பக்கம் சக்கரம் 50 மில்லிமீட்டர் ஏறுவதற்குள் கொஞ்சம் வெளியே திரும்புகிறது. ரேக்கின் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

குறைகளும் பார்த்தேன். மூக்கில் பதக்கம் வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெல்கோட்டில் இரண்டு நட்சத்திர வெடிப்பு. டயரின் பக்கவாட்டில் தேதி எண் பார்த்தால் வாங்கி ஆறு வருடம், ஓடாமலேயே கெட்டியாகிவிட்டன. பிரேக் ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும். வயரிங் கட்டு ஒரு பெரிய பையில், தொடவே இல்லை. பெட்டிகள் மொத்தம் 31, எல்லாவற்றிலும் எண். எண்ணிப் பார்த்ததில் 14ஆம் பெட்டி மட்டும் இல்லை. பட்டியலைப் பார்த்தால் கதவுக் கீல்களும் தாழ்ப்பாள்களும் அதில்தான் இருக்கின்றன. எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை, தேடுவதாகச் சொன்னார்.

கிளம்பும்போது அவர் ஓட்டுநர் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில், மரப்பலகை மேல், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் இன்னும் மாட்டவில்லை, கைகளை அது இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டார். "இது ஓடும்போது ஒரு முறை கூப்பிடுங்கள்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வாங்குகிறேன். பாம்பு முத்திரை ஒட்டப் போவதில்லை, பழைய_இரும்பு ஐயாவுக்கும் மூன்றாம்_கியருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வெடிப்புகளைத் திருத்தும்போதே மூக்கில் பதக்கத்துக்கான குழியையும் நிரப்பிவிடுகிறேன். அசலா என்று யாராவது கேட்டால், கட்டியவர் யார் என்று அந்த நோட்டைக் காட்டலாம்.

#12 பட்டறைவாசி

மஞ்சள் கோடு போடுபவரின் வண்டி. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? இடது பக்க ரேக்குக்கு முதலில் 2 மில்லிமீட்டர் தகடு வைத்துப் பாருங்கள், ஒரேயடியாக அதிகம் வைக்காதீர்கள். எஞ்சின் ஆறு வருடம் நின்றிருக்கிறது, சாவி போட்டுச் சுழற்ற வேண்டாம். அது பழைய ஃபோர்டு வி8 என்றால் டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் பாகம்) கழற்றிவிட்டு, அந்தத் துவாரம் வழியாக நீண்ட தண்டு ஒன்றை டிரில்லில் மாட்டி ஆயில் பம்பைச் சுழற்றுங்கள். ஆயில் அழுத்தம் முள்ளில் ஏறுவதைப் பார்த்தபிறகு ஸ்டார்ட் செய்யலாம்.

#13 நிலா_கராஜ்

கதவு முதலில். பாடியை இறுக்கும் முன். மறந்துவிடாதீர்கள். வயரிங் கட்டைப் பிரிக்கும் அன்று இங்கே எழுதுங்கள், சீட்டு எழுதும் முறையைப் படத்தோடு போடுகிறேன்.

#14 மழைச்சாலை

இப்போதுதான் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. 14ஆம் பெட்டி கிடைத்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் இருந்ததாம். திறந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். நாலு கீல், இரண்டு தாழ்ப்பாள், போல்ட் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை காலை வண்டியை ஏற்றிவரப் போகிறேன்.